குறுக்களவு

சேவுகமூர்த்தி, அறுபத்தெட்டு, புதுவயல்.
இடமிருந்து வலம் நாற்பத்து மூன்று சென்டிமீட்டர்.
சுற்றளவு தையல்காரருக்கு,
எனக்குக் குறுக்களவு.
அதன் நட்டநடுவில் எலுமிச்சையளவு சுரப்பி.
முன்னால் மூத்திரப்பை, பின்னால் மலக்குடல்,
இடையில் சில மில்லிமீட்டர்.

ஆறா, பத்தா என்று கேட்கிறது திரை.

பதினைந்து எங்களிடம் இல்லை.
அவ்வளவு வேகத்தில் முடுக்கினால்
இயந்திரத்தின் தலையிலிருந்தே நியூட்ரான் சிதறும்,
அதைத் தடுக்க எங்கள் கதவில் ஆளில்லை.
காரைக்குடிக்குக் கதவு பார்க்கவே வருகிறார்கள்,
தேக்கையும் பித்தளைக் குமிழையும் படம் பிடிக்கிறார்கள்.
மூன்று டன் ஈயமும் இரும்புமாக
இந்தக் கதவை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

முதல் ஸ்கேனில் அவர் இடுப்பைச் சுற்றி
வெள்ளைக் கீற்றுகள் வெடித்திருந்தன.
வெள்ளி அரைஞாண்.
எலும்பு எது, தசை எது,
கம்ப்யூட்டருக்குப் பிடிபடவில்லை.
கழற்றணும் என்றேன்.
"அத எடுக்குறது ஒரே ஒருநாள்தாம்மா."
எந்த நாள் என்று சொல்லவில்லை.
பொன்னழகு பையைத் துழாவிக் கறுப்புக் கயிறு எடுத்தாள்.
முதலில் கயிறு கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்து,
பிறகுதான் வெள்ளியின் திருகைத் தொட்டாள்.
ஒரு நொடிகூட அந்த இடுப்பு வெறுமையாக இல்லை.
நூலை என் கதிர் கண்டுகொள்ளாது.
அவளிடம் சொல்லியிருக்கலாம்.

"எத்தன அடிக்கு எறக்குவீங்க?"
முப்பது வருஷம் போர்வெல் வண்டி ஓட்டியவர்.
செம்புராங்கல் எங்கே முடியும், பாறை எங்கே தொடங்கும்,
வெளிவரும் தூசியின் நிறத்தில் சொல்லிவிடுவாராம்.
"பெரிய கம்ப்ரசர் போட்டா சட்டுனு எறங்கும்.
ஆனா பக்கத்து வீட்டுக் கெணறு கலங்கும்,
சண்டைக்கு வருவான்."

உங்கள் துளை தண்ணீரில் நின்றுவிடும், ஐயா.
என்னுடையது நிற்பதில்லை.
வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்துக்கொண்டே போய்
மறுபக்கம் வெளியேறி
சுவருக்குள்தான் தீரும்.
அதனால்தான் உங்களைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்,
எந்தப் பக்கத்துக்காரனும்
முழுச் சுமையையும் வாங்காதபடி.

இரவு எட்டரை. இரண்டு திட்டமும் தயார்.
மலக்குடல் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தன,
பெரிதாக்கிப் பார்த்தும் பிரியவில்லை.
மூத்திரப்பையில் அரை சதவீதம்,
அதுவும் நாளை அவர் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்பதில்
அடிபட்டுப் போகும்.
டாக்டர் ஹபீபா போனில்:
"குடலுக்கு எது நல்லது?"
ரெண்டும் ஒண்ணுதான் டாக்டர்.
"அப்புறம் ஏன் இன்னும் வீட்டுக்குப் போகல?"

இரு தொடை மேட்டிலும்
நாங்கள் கோடு வரையாத, பெயரிடாத சதை இருக்கிறது.
அதற்கு வரம்பு கிடையாது,
அதைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.
இவ்வளவு அகலத்தைத் தாண்ட
ஆறு அங்கே கூடுதலாகக் கொட்டுகிறது.
பத்து, தோலுக்குக் கீழே இன்னும் சற்று ஆழம் போய்த்தான்
வாய் திறக்கிறது.
பத்திலும் நியூட்ரான் உண்டு,
எண்ணிவிடலாம் போலக் கொஞ்சம்.

நேற்று கோட்டையூர் வாத்தியார், முப்பத்தைந்து,
யோசிக்காமல் ஆறு.
இவருக்குப் பத்து என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
சரியா என்று காட்ட எந்தக் கோடும் வராது.
பத்து வருஷம் கழித்து ஒன்றும் நடக்காமலிருந்தால்
அது இந்த எண்ணாலா என்று
யாருக்கும் தெரியப்போவதில்லை.

முதல் நாள். அரை லிட்டர் குடித்து
முக்கால் மணி நேரம் அடக்கி உட்கார்ந்திருந்தார்.
"ஊருக்கெல்லாம் தண்ணி எடுத்துவிட்டவன்
இப்பத்தான் தேக்கி வச்சிருக்கேன்.
சீக்கிரம்மா."

கதவு மூடப் பதினெட்டு விநாடி.
அவருக்கு அது நீளம்.
கேமராவில் வயிறு ஏறி இறங்குகிறது,
கறுப்புக் கயிறும் கூடவே.
எந்த எண் என்று அவர் கேட்கவேயில்லை.
இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது,
கேட்டாலும் கேட்பார்.